சிறுநீரகப் புற்றுநோய் சிறுநீர்ப் பாதைக்குப் பரவுதல்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

சிறுநீரகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு நலமாக வீடு திரும்பிய ஒருவருக்கு, சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, ஒரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம். வலி இராது, காய்ச்சலும் இராது. இரண்டு நாளில் நிறம் தானாகவே தெளிந்தும் விடலாம். "உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்து, அதனை அத்தோடு மறந்துவிடுவது நம் பகுதியில் வழக்கமாக உள்ளது.

அவ்வாறு மறந்துவிடக் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சிறுநீரகத்தில் தோன்றிய புற்றுநோய் மிக அரிதாகச் சிறுநீர்க்குழாய்க்கோ சிறுநீர்ப்பைக்கோ பரவக்கூடும். அப்போது முதலில் தென்படும் அறிகுறி, பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவதே ஆகும்.

முக்கியக் குறிப்புகள்

• சிறுநீரில் இரத்தம் போனாலே புற்றுநோய் என்று பொருளன்று. கல், கிருமித்தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் ஆகியவையே பொதுவான காரணங்கள்.
• ஆனால் ஏற்கெனவே சிறுநீரகப் புற்றுநோய் இருந்தவருக்கு ஒரே ஒரு முறை இரத்தம் போனாலும் முழுமையான சோதனை தேவை.
• நிறம் தெளிந்துவிட்டது என்பது நோய் தீர்ந்துவிட்டதற்குச் சான்றாகாது.
• இப்பரவல் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அறுவை சிகிச்சையால் அகற்ற இயலும். ஆகவே காலம் தாழ்த்தாமை முக்கியம்.

சிறுநீர்ப் பாதையின் அமைப்பு

இரு சிறுநீரகங்களும் இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உருவாக்குகின்றன. அச்சிறுநீர், சிறுநீரகத்தின் நடுவேயுள்ள புனல் போன்ற நீர்சேர் அறையில் கூடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள மெல்லிய சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை அடைந்து, பின்னர் வெளியேறுகிறது.

நீர்சேர் அறை, சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகிய மூன்றின் உட்புறத்திலும் ஒரே வகைத் தோலுறை உள்ளது. சிறுநீரகத்தின் சதைப் பகுதியோ வேறு வகைச் செல்களால் ஆனது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல செய்திகளுக்கு இதுவே அடிப்படை.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை சதைப் பகுதியில் தோன்றுபவை. அவற்றுள்ளும் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு, நுண்ணோக்கியில் செல்கள் வெளிறித் தெரியும் "தெளிசெல்" வகையாகும். நீர்சேர் அறையின் உட்தோலில் தோன்றும் புற்றுநோய் இதிலிருந்து வேறானது, சிகிச்சையும் வேறு.

எவ்வாறு பரவுகிறது?

சிறுநீரகப் புற்றுநோய் பரவும்போது வழக்கமாகச் சென்றடையும் இடங்கள் நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி, மூளை ஆகியவை. சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையும் இப்பட்டியலில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. மருத்துவ இதழ்களிலும் இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் குறிப்புகளாகவே பதிவாகியுள்ளன. அவற்றைக் கொண்டு மருத்துவர்கள் கருதும் வழிகள் நான்கு.

1. இரத்தத்தின் வழி: புற்றுச் செல்கள் இரத்த ஓட்டத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றிச் சிறுநீர்ப்பையின் சுவரில் தங்குதல்.

2. சிரையில் எதிரோட்டமாக: தெளிசெல் வகைப் புற்றுநோய் சிறுநீரகச் சிரைக்குள்ளேயே வளர்ந்து அதனை அடைக்கும் இயல்புடையது. அவ்வாறு அடைபட்டால் இரத்தம் பின்னோக்கித் திரும்பி, இடுப்புப் பகுதிச் சிரைகளுக்குச் செல்லும். அதனோடு செல்களும் செல்லலாம். இடப்புற விதைப்பையில் இருந்து வரும் சிரை இடச் சிறுநீரகச் சிரையிலேயே வந்து சேர்வதால், சில ஆண்களுக்கு இடப்புற விதைப்பையில் திடீரென நரம்பு புடைத்துத் தெரிவதும் சிறுநீரகக் கட்டியின் அறிகுறியாகலாம்.

3. நிணநீர் நாளங்களின் வழி: சிறுநீர்க்குழாயை ஒட்டிச் செல்லும் நிணநீர் நாளங்கள் மூலம் கீழ்நோக்கிப் பரவுதல்.

4. சிறுநீரின் வழி: கட்டி நீர்சேர் அறைக்குள் ஊடுருவினால், உதிரும் செல்கள் சிறுநீரோடு கீழிறங்கி வேறோரிடத்தில் ஒட்டி வளர்தல். வாய்க்கால் நீரில் மிதந்து செல்லும் விதை கரையோரம் ஒதுங்கி முளைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

கட்டி நீர்சேர் அறைக்குள் ஊடுருவியிருந்ததா என்பது அறுவைக்குப் பின் வரும் திசு ஆய்வு அறிக்கையில் குறிக்கப்படும். 2017-இல் வெளியான பன்னாட்டு நிலைப் பகுப்பு முறையின் எட்டாம் பதிப்பில், இவ்வூடுருவல் மூன்றாம் நிலைக்குரிய அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் அறிக்கையில் இக்குறிப்பு உள்ளதா என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

"சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படி?"

நோயாளிகள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. சதைப் பகுதிப் புற்றுநோய்க்குச் சிறுநீரகத்தை அகற்றும்போது, சிறுநீர்க்குழாயின் மேற்பகுதி மட்டுமே உடன் வெட்டி எடுக்கப்படும். கீழ்ப்பகுதி உள்ளேயே இருக்கும். இது தவறன்று, அந்நோய்க்கு உரிய முறையே அது. நீர்சேர் அறையின் உட்தோலில் தோன்றும் புற்றுநோய்க்கு மட்டுமே குழாய் முழுவதையும், அது சிறுநீர்ப்பையோடு சேரும் இடத்தையும் சேர்த்து அகற்றுவர்.

எஞ்சி நிற்கும் அத்துண்டுக் குழாயிலும், சிறுநீர்ப்பையிலும், மிக அரிதாக மறுபக்கச் சிறுநீர்க்குழாயிலும்கூடப் பரவல் தோன்றலாம். முதல் அறுவை முடிந்து 10 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்நோய் தலைகாட்டிய நிகழ்வுகள் உண்டு. ஆகவே "ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன, இனி அச்சமில்லை" என்று கண்காணிப்பை நீங்களே நிறுத்திவிட வேண்டா.

அறிகுறிகள்

சிறுநீரில் இரத்தம்: வெளிர் சிவப்பாகவோ, தேநீர் நிறமாகவோ, கட்டிகளோடோ போகலாம். எப்போது நிறம் தென்படுகிறது என்று கவனியுங்கள். தொடக்கத்தில் மட்டும் சிவந்தால் காரணம் வெளிக்குழாயிலும், முடிவில் மட்டும் சிவந்தால் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியிலும், முழுவதும் சிவந்தால் சிறுநீர்ப்பையிலோ அதற்கு மேலோ இருக்க வாய்ப்பு உண்டு. புழுப் போன்று நீண்ட இரத்தக்கட்டிகள் சிறுநீர்க்குழாயிலிருந்து வருபவையாக இருக்கலாம். இவற்றைச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

பிற அறிகுறிகள்: விலாவின் பின்புறம் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, கழிக்கும்போது எரிச்சல், காரணமின்றி எடை குறைதல், சோர்வு, இரத்தசோகை.

பீட்ரூட் உண்ட பின்னும், காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் மாத்திரையாலும் சிறுநீர் சிவந்தோ ஆரஞ்சு நிறமாகவோ தெரியலாம். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே அதனைப் பிரித்துக் காட்டிவிடும். இதயநோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல் உண்பவர்கள், "மாத்திரையால்தான் இரத்தம் வருகிறது" என்று தாமே முடிவு செய்யலாகாது. அம்மருந்துகள் உள்ளே மறைந்திருக்கும் புண்ணை வெளிக்காட்டியிருக்கவும் கூடும். மருத்துவரைக் கேளாமல் அம்மாத்திரைகளை நிறுத்தவும் கூடாது.

நம் பகுதியில் தாமதம் ஏன் நேர்கிறது?

திருச்செங்கோடு வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு மாதக்கணக்கில் வெளிமாநிலங்களுக்குச் செல்வோர் பலர். லாரி ஓட்டுநர்களும், விசைத்தறிக் கூடங்களில் இரவும் பகலும் நின்று வேலை செய்வோரும் பலர். இவர்கள் வெயிலிலும் வெப்பத்திலும் உழைப்பவர்கள். போதிய நீர் அருந்த வாய்ப்பில்லாதவர்கள். சிறுநீர்க்கல்லும் நீர்க்கடுப்பும் இவர்களிடையே பழகிப்போன தொல்லைகள். எனவே சிறுநீர் சிவந்தால் "சூடு" அல்லது "கல்" என்று எண்ணுவது இயல்பே.

ஓர் எடுத்துக்காட்டாக எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுநீரகத்தை இழந்த ஒருவர், மீண்டும் ரிக் வண்டியில் வேலைக்குச் சென்றிருக்கிறார். ஊரைவிட்டு வெகு தொலைவில் ஒரு நாள் சிறுநீர் சிவக்கிறது. அருகிலுள்ள மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி உண்கிறார், நிறம் தெளிகிறது. ஊர் திரும்ப இன்னும் இரண்டு மாதம். திரும்பிய பின் அதனைச் சொல்லவும் மறந்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து மீண்டும் சிவந்தபோதுதான் மருத்துவமனைக்கு வருகிறார். அந்த ஆறு மாதமே, ஓரிடத்தில் இருந்த சிறு கட்டி பல இடங்களுக்குச் செல்லப் போதுமான காலமாக அமைந்துவிடலாம்.

இரத்தம் விட்டுவிட்டு வருவது இந்நோயின் இயல்பு. மாத்திரை உண்ட நாளில் நின்றது என்பதால் மாத்திரையால் நின்றது என்று கொள்ளற்க. வெளியூரில் வேலை செய்பவர், தம் அறுவைக் குறிப்பையும் திசு ஆய்வு அறிக்கையையும் கைப்பேசியில் படமாக வைத்திருத்தல் நன்று. எந்த ஊர் மருத்துவரும் அவற்றைப் பார்த்த அளவில் நிலைமையைப் புரிந்துகொள்வார்.

என்னென்ன சோதனைகள் செய்யப்படும்?

சிறுநீர்ப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புச் சோதனையும்: தொற்று உள்ளதா என அறிய. தொற்று இருந்து அதற்கு மருந்து கொடுக்கப்பட்டாலும், புற்றுநோய் வரலாறு உடையவருக்கு மேற்கொண்டு சோதனைகள் தேவை.

இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், கிரியேட்டினின் ஆகியவை பார்க்கப்படும். ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவருக்குக் கிரியேட்டினின் அளவு மிக முக்கியம். சி.டி. ஸ்கேனுக்கு முன் செலுத்தப்படும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், "எனக்கு ஒரு சிறுநீரகமே உள்ளது" என்பதையும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்பதையும் ஸ்கேன் மையத்தில் தவறாமல் சொல்லுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: எளிய முதற்சோதனை. ஆயினும் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதி இதில் தெளிவாகத் தெரியாது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற ஒரு வரியோடு நிறைவடைய வேண்டா.

சி.டி. யூரோகிராம்: சாய மருந்து சிறுநீர்ப் பாதையில் இறங்கும்வரை காத்திருந்து எடுக்கப்படும் ஸ்கேன். குழாயின் உட்புற அடைப்புகளை இது காட்டும். மார்புப் பகுதியையும் சேர்த்து எடுத்தால் நுரையீரல் பரவலும் தெரியவரும். கிரியேட்டினின் மிகுந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படலாம்.

சிஸ்டோஸ்கோபி: மெல்லிய கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தை நேரில் பார்த்தல். தேவையெனில் இன்னும் மெல்லிய கருவியால் சிறுநீர்க்குழாயையும் பார்ப்பர். வலி தெரியாதிருக்க மரப்பு மருந்தோ மயக்க மருந்தோ கொடுக்கப்படும்.

திசு ஆய்வு: ஐயத்திற்குரிய பகுதியிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆராய்தல். நோயை உறுதி செய்வது இதுவே. சிறுநீரில் புற்றுச் செல்களைத் தேடும் சோதனையில் இவ்வகைச் செல்கள் பலமுறை தென்படுவதில்லை. ஆகவே அச்சோதனையில் "இல்லை" என வந்தாலும் ஐயம் நீங்கிவிடாது.

வகை பிரித்தறிதல் ஏன் இன்றியமையாதது?

சிறுநீர்ப்பையில் காணப்படும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சிறுநீர்ப்பையின் உட்தோலிலேயே தோன்றியவை. சிறுநீரகத்திலிருந்து வந்தவை மிகச் சிலவே. கண்ணால் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், ஸ்கேனிலும் அப்படியே. ஆனால் சிகிச்சை முற்றிலும் வேறு. உட்தோல் புற்றுநோய்க்குச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் பி.சி.ஜி. மருந்தும், வழக்கமான கீமோதெரபி மருந்துகளும் பயன் தரும். தெளிசெல் வகைச் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அவை பொதுவாகப் பயன் தருவதில்லை.

ஐயம் எழும்போது, செல்களிலுள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி என்னும் சோதனை செய்யப்படும். சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களில் பொதுவாகப் பாக்ஸ்-8 என்னும் புரதமும், சிறுநீர்ப்பை உட்தோலின் செல்களில் காட்டா-3 என்னும் புரதமும் தென்படும்.

இதில் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. முதல் அறுவையில் எடுத்த கட்டியின் துண்டு, மெழுகில் பதித்த "பிளாக்" வடிவில் ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும். புதிய கட்டியை அதனோடு ஒப்பிட்டால் விடை விரைவில் கிடைக்கும். எனவே எந்த மருத்துவமனையில் அறுவை நடந்தது, திசு ஆய்வு எண் என்ன என்பவற்றைக் கொண்டு வாருங்கள். தேவைப்படின் அந்த பிளாக்கைக் கேட்டுப் பெறுங்கள்.

சிகிச்சை முறைகள்

பரவல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால்: அதனை முழுமையாக அகற்றுவதே முதல் நோக்கம். எஞ்சிய துண்டுக் குழாயில் இருந்தால் அக்குழாய் நீக்கப்படும். சிறுநீர்ப்பையில் இருந்தால் கருவி வழியே சுரண்டி எடுத்தலோ, அப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தலோ செய்யப்படும். ஒரே இடத்தில் தோன்றிய பரவலை அகற்றிய பின் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்தவர்கள் உள்ளனர்.

பல இடங்களில் இருந்தால்: உடல் முழுதும் செயல்படும் மருந்துகள் தேவை. சுனிடினிப், பசோபானிப், கபோசான்டினிப் போன்ற மாத்திரைகள் கட்டிக்கு இரத்தம் சேர்க்கும் புதிய நாளங்கள் உருவாவதைத் தடுக்கின்றன. நிவோலுமாப், இபிலிமுமாப், பெம்பரோலிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றல் புற்றுச் செல்களை இனங்கண்டு தாக்க உதவுகின்றன. எம்மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதைப் புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்வார்.

மாத்திரை உண்பவர்கள் இரத்த அழுத்தம் உயர்தல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் உரிதல், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, தைராய்டு குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பாற்றல் ஊசி பெறுபவர்களுக்கு விடாத வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், இருமல் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரத்தப்போக்கு நில்லாதபோது: கட்டிக்குச் செல்லும் இரத்தநாளத்தை உள்ளிருந்தே அடைக்கும் முறையோ கதிர்வீச்சோ உதவலாம். வலி தணிக்கும் சிகிச்சையும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. அது கைவிடுதல் அன்று.

தொடர் கண்காணிப்பு

அறுவைக்குப் பின் முதல் சில ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதனை வழக்கம். கால இடைவெளி நோயின் நிலையைப் பொறுத்து மாறும். ஸ்கேன் எடுக்கும்போது வயிறு மட்டுமன்றி, இடுப்பின் அடிப்பகுதியும் சிறுநீர்ப்பையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். ஒவ்வொரு வருகையிலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பதும் சிகிச்சையே. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்; புகைத்தல் சிறுநீரகம், சிறுநீர்ப்பை இரண்டின் புற்றுநோய்க்கும் காரணம். டைக்குளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உண்ண வேண்டா.

பராமரிப்பவர்களுக்கு

• இரத்தம் போன தேதி, நிறம், கட்டி இருந்ததா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.
• எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.
• நோயாளியிடம் நோயின் பெயரை மறைத்துவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. அன்பினால் செய்வதே எனினும், தமக்கு இருந்தது புற்றுநோய் என்று அறியாதவர், சிறுநீர் சிவந்தால் அதனை ஒரு பொருட்டாகவே கருதமாட்டார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை மருத்துவரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்நோய் குடும்பத்தினருக்குத் தொற்றுமா?
தொற்றாது. ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ, தாம்பத்திய உறவாலோ பரவாது.

சதை எடுத்துச் சோதித்தால் நோய் கிளறிவிடப்படுமா?
இவ்வச்சத்தால் பலர் சோதனையைத் தவிர்க்கின்றனர். சிறுநீர்ப்பையிலிருந்து திசு எடுக்காமல் நோயின் வகை தெரியாது. வகை தெரியாமல் சரியான சிகிச்சை இல்லை. தாமதத்தால் வரும் தீங்கே பெரிது.

வாழைத்தண்டுச் சாறு, நாட்டு மருந்து உண்ணலாமா?
வாழைத்தண்டை உணவாகக் கொள்வதில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. கிரியேட்டினின் மிகுந்தவர்கள் மட்டும் பொட்டாசியம் அளவு குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும். அதனால் கட்டி கரையாது. சேர்மானம் தெரியாத பொடி, பற்பம் ஆகியவை எஞ்சிய சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். உண்பதாயின் மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள்.

ஒரு சிறுநீரகத்தோடு வேலைக்குச் செல்லலாமா?
பெரும்பாலோர் செல்லலாம். போதிய நீர் அருந்துதலும் தவறாத பரிசோதனையுமே முக்கியம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

• இரத்தக்கட்டி அடைத்து, சிறுநீர் கழிக்க இயலாமல் அடிவயிறு உப்புதல்
• ஒரே சிறுநீரகம் உள்ளவருக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைதல் அல்லது முற்றிலும் நிற்றல்
• இரத்தப்போக்கோடு தலைசுற்றல், மயக்கம்
• குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலா வலியும்

இந்நிலைகளில் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

எங்கு அணுகுவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ திருச்செங்கோடு அரசு மருத்துவமனையையோ அணுகலாம். சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளுக்குப் பின், தேவைக்கேற்ப நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தரப்படும். புற்றுநோய்க்கெனவே அமைந்த மையங்களாகக் காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்கள் சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவை அணுகுங்கள். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றினை மருத்துவமனையில் பெற்று, சங்ககிரி அல்லது ஈரோடு நிலையத்தில் பயணச்சீட்டு எடுக்கும்போது காட்டலாம். ஐயங்களுக்கு 104 எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

நிறைவாக, இப்பரவல் அரியது; உங்களுக்கு வராமலே இருப்பதற்கான வாய்ப்பே மிகுதி. ஆயினும் சிறுநீர் சிவந்த அன்று, அது நின்றாலும் நிற்காவிட்டாலும், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திற்குள் மருத்துவரைப் பாருங்கள். "எனக்கு முன்பு சிறுநீரகத்தில் புற்றுநோய் இருந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் நோய்க்குரிய முடிவுகளை உங்கள் மருத்துவரோடு கலந்தே எடுக்க வேண்டும்.